ஏழாம் பக்கத்துக்கும் எட்டாம் பக்கத்துக்கும் நடுவில்

மூன்று நிமிடத்துக்கு மேல் ஒருவரும் தொடர்ந்து அழக்கூடாது என்பது கிராமபோன் தட்டு செய்பவர்களின் கொள்கை. அழுகை மட்டுமல்ல, காதல், சாபம், யுத்தம், பிள்ளைப்பேறு எதுவானாலும் அவர்களிடம் மூன்று நிமிடம்தான். அதற்குள் முடியவில்லை என்றால் கத்தரித்துவிடுவார்கள். ராணி "நாதா, இனி நான் யாரை..." என்பாள். அத்தோடு கர்ர்ர் என்று ஊசி தட்டின் நடுவுக்குப் போய் வெறுமனே சுற்றும். யாரை என்னவென்று தெரிந்துகொள்ள நாம் எழுந்துபோய்த் தட்டைத் திருப்பிப் போட்டு, ஊசியை மாற்றி, சாவி கொடுத்து, மறுபடி வந்து உட்கார வேண்டும். அதற்குள் ராணியின் மேல் நமக்கிருந்த அக்கறை பாதி ஆறிப்போயிருக்கும்.

இந்த அநியாயத்தைப் பற்றி எனக்கு வெகுகாலமாக ஒரு மனத்தாங்கல் உண்டு. அதை நான் மனத்துக்குள் வகை பிரித்தே வைத்திருந்தேன். முதல் வகை, வாக்கியத்தின் நடுவில் வெட்டுவது. இரண்டாவது, கதவு தட்டும் சத்தத்தை ஒரு பக்கத்திலும் கதவு திறப்பதை மறுபக்கத்திலும் வைப்பது (நடுவில் வந்தவர் வாசலிலேயே நிற்கிறார், பாவம்). மூன்றாவதுதான் மன்னிக்க முடியாதது. காட்சி சீக்கிரம் முடிந்து தட்டில் இடம் மிஞ்சிவிட்டால், அந்த இடத்தில் ஒரு கோமாளியைக் கொண்டுவந்து ஒட்டிவிடுவார்கள். பிணம் விழுந்த வீட்டில் கோமாளிக்கு என்ன வேலை என்று அவர்கள் யோசிப்பதில்லை. அடைக்க வேண்டிய இடம், அடைத்துவிட்டார்கள்.

அப்போது எனக்கு வேலை புதிது. சைகோன் தொலைபேசி நிலையத்தில் இணைப்புப் பலகைக்கு முன்னால் உட்காருவதற்கான பயிற்சியை முடித்திருந்தேன். சுவர் நிறையத் துளைகள், மடி நிறையக் கயிறுகள். துறைமுகத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டால் அவரை எடுத்துச் சைகோனை ஒட்டிய சோலோன் ஊரில் இருக்கும் இன்னொருவரோடு அறாமல் சேர்க்க வேண்டும். பேச்சு நடுவில் அறுந்தால் இரண்டு பக்கமும் பிரெஞ்சில் வசவு விழும். என் பயிற்சிச் சான்றிதழில் "பதற்றம் இல்லாதவள், ஒழுங்கில் பற்றுள்ளவள்" என்று எழுதியிருந்தார்கள். அப்பா அதைச் சட்டம் போட்டு, மாதா படத்துக்குக் கீழே மாட்டியிருந்தார். அப்படிப்பட்ட ஒருத்தியின் வீட்டில் ராணி வாக்கியத்தின் நடுவில் நின்றுபோனால் அவளுக்கு எப்படி இருக்கும்?

நான் சொல்லும் ராணி, அந்த வருஷத்தில் சைகோன் தமிழர் அத்தனை பேருக்கும் சொந்தக்காரி. எங்கள் வீட்டுக்குக் கீழே ஜவுளிக்கடை வைத்திருந்த ஹமீது நானா, துணி மூட்டைகளோடு சேர்த்து ஒரு நாடகத்தின் தட்டுகளைக் கப்பலில் வரவழைத்திருந்தார். ராஜா கடல் கடந்து போகிறார், ராணி கரையில் காத்திருக்கிறாள், இதுதான் கதை. ஆறு தட்டு, பன்னிரண்டு பக்கம். உறைக்கொரு தட்டு செருகிவைத்த, புத்தகம் மாதிரித் திறக்கிற தடித்த அட்டை ஆல்பம். செட்டியார்களின் வட்டிக்கடைக் கிட்டங்கியில் ஒன்று, எங்களைப் போன்ற புதுச்சேரிக் குமாஸ்தாக்களின் வீடுகளில் ஒவ்வொன்று, மசூதித் தெருக் கடைகளின் மாடிகளில் ஒவ்வொன்று என்று எல்லாம் விற்றுப்போயின.

ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் சைகோன் உறங்கும். துரைகள் சன்னல் கதவுகளைச் சாத்திவிடுவார்கள். ரிக்‌ஷாக்காரர்கள் புளியமர நிழலில் தங்கள் வண்டியிலேயே சாய்ந்திருப்பார்கள். ஆற்றிலிருந்து ஒரு கப்பல், கனவில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல, ஒருமுறை ஊதிவிட்டு அடங்கும். அந்த நேரத்தில் மசூதித் தெருவில் நடந்து போனால் ஒவ்வொரு மாடியிலிருந்தும் ராணியின் குரல் இறங்கி வரும். ஆனால் வரிசையாக வராது. முதல் வீட்டில் அவள் விதவையாகியிருப்பாள். நாலு வீடு தள்ளி அவளுக்குக் கல்யாணம் நடக்கும். மூலை திரும்பினால் சின்னக் குழந்தையாகித் தொட்டிலில் கிடப்பாள். வெயிலில் அப்படி நடந்துபோவது, யாரோ ஒருவருடைய ஆயுளுக்குள் பின்னோக்கி நடப்பது போல இருக்கும். நான் குடையைப் பிடித்துக்கொண்டு, இதையெல்லாம் ஒழுங்காக ஒட்டித் தைத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டே போவேன்.

ஒட்டித் தைக்கும் சந்தர்ப்பம் என் அக்காவின் கல்யாணப் பேச்சில் வந்தது.

அக்கா ரோசாலியும் அமலோரும் கோயில் பாடற்குழுவில் சேர்ந்து பாடுகிறவர்கள். அமலோர் நீதிமன்றத்தில் எழுத்தர். எதையும் தெளிவாக எழுதுவார், எதையும் தெளிவாகச் சொல்லமாட்டார். இரண்டு வருஷமாக அவர் அக்காவிடம் சொல்ல வந்த விஷயத்தை அக்காவே கடைசியில் சொல்லிவிட்டாள். அப்பாவுக்குச் சம்மதம். மீதி இருந்தது அமலோரின் அம்மா, மதாம் ஞானம்மா. அந்த அம்மா பெண்ணைப் பார்த்து முடிவு சொல்வதற்காகவே காரைக்காலிலிருந்து கப்பல் ஏறி வந்திருந்தார். வந்து மூன்று வாரமாகியும் வாய் திறக்கவில்லை. காரைக்காலில் அவர் மனத்தில் வேறொரு பெண் தயாராக இருக்கிறாள் என்றும், இங்கே பிடிக்காவிட்டால் மகனை லீவு போடச் சொல்லி அடுத்த கப்பலிலேயே அழைத்துக்கொண்டு போய்விடுவார் என்றும் அமலோர் அக்காவிடம் சொல்லியிருந்தார். அதிலிருந்து அக்கா பாடும்போது மேல் ஸ்தாயியில் குரல் நடுங்க ஆரம்பித்தது.

"உங்கம்மாவுக்கு என்ன பிடிக்கும்?" என்று அப்பா அமலோரைக் கேட்டார்.

"அந்த நாடகம்னா உசுரு, முசே. ஊர்ல ஞாயித்துக்கெழமை தவறாம வெப்பாங்க."

"அப்ப இந்த ஞாயிறு இங்கயே வந்து கேக்கட்டும். நம்ம தெரேஸ் இருக்கா, மெஷினெல்லாம் அவதான் பாத்துப்பா."

தெரேஸ் என்பது நான். அப்பா அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

என் திட்டம் மிக எளிமையானது. இரண்டு மெஷின். ஒன்றில் முதல் பக்கம் முடியும் அதே கணத்தில் இன்னொன்றில் இரண்டாம் பக்கத்தின் மேல் ஊசி இறங்க வேண்டும். ஒரே தட்டின் இரண்டு முகமும் ஒரே நேரத்தில் பாட முடியாதாகையால் ஆல்பமும் இரண்டு வேண்டும். ஹமீது நானாவின் கடைக்கு இறங்கிப் போனேன்.

"மெஷினையும் குடுத்து பிளேட்டையும் குடுத்துட்டு நான் என்ன புள்ள கேக்குறது?" என்றார் நானா.

"நீங்களும் மேல வாங்க நானா. இடைவெளியே இல்லாம கேக்கலாம்."

"எடவெளி இல்லாமயா? அப்ப வெத்தலை எப்பப் போடுறது?"

அந்தக் கேள்வியை நான் அப்போதே மதித்திருக்க வேண்டும். (மதிக்கவில்லை. வெற்றிலை போடுகிறவரின் கேள்வி என்று தள்ளிவிட்டேன்.)

முதல் ஒத்திகையில் ஒரு குறை தெரிந்தது. நானாவின் மெஷின் எங்களுடையதைவிட வேகமாகச் சுற்றியது. எங்கள் மெஷினில் கம்பீரமாகப் பேசிக்கொண்டிருந்த ராஜா, நானாவின் மெஷினுக்கு மாறியதும் மீசை முளைக்காத பையனானார். பிறகு மறுபடி கிழவரானார். ராணி யாரோடு குடும்பம் நடத்துகிறாள் என்றே புரியவில்லை. வேகத் திருகை ஒரு நூலளவு தளர்த்தி, இரண்டு ராஜாக்களையும் ஒரே வயதுக்குக் கொண்டுவந்தேன். நாளெல்லாம் பலகையில் கயிறு மாற்றிப் பழகிய கை. ஒரு பக்கம் ஓடும்போதே மறுபக்கத்துக்கு ஊசி மாற்றி, சாவி கொடுத்துத் தயாராக வைத்துவிடும். சனிக்கிழமை மாலை முழு நாடகமும் ஒரு இழை அறாமல் ஓடியது. ஏழாம் பக்கத்தின் கடைசியில் ராஜாவின் கப்பல் மூழ்கிய சேதி வர, ராணி ஓவென்று கதறுகிறாள். மூச்சு விடுவதற்குள் எட்டாம் பக்கம். அங்கே, மிஞ்சிய இடத்தை அடைக்க, கோமாளியின் பாட்டு. அந்தப் பக்கமாகப் போன அப்பா வழக்கம்போல உரக்கச் சிரித்தார். அந்தக் கோமாளி வாய் திறந்தாலே அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். தும்மல் மாதிரி அது. அவர் கையில் இல்லை.

அந்த ஒட்டு எனக்கே கொஞ்சம் உறுத்தியது. ஆனால் நான் தையல்காரி. துணி என்னுடையதல்ல என்று சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஞாயிறு வந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மழை பெய்து விட்டிருந்தது. புளியமரங்கள் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தன. சன்னல் வழியாக வந்த ஈர வெளிச்சம் சுற்றும் தட்டில் பட்டு, கூரையில் ஒரு நிலா போல மெல்ல வட்டமடித்தது. மதாம் ஞானம்மா வெள்ளைச் சேலையில், நெஞ்சில் ஒரு சிறு வெள்ளிச் சிலுவையோடு, அம்மா போட்ட நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு பக்கம் அமலோர், எதிரில் அக்கா, வாசற்படிக்கு அருகில் வெற்றிலைப் பெட்டியோடு நானா. அம்மா காப்பியும், கடையில் சூடாக வாங்கிய, உள்ளே கறி வைத்துச் சுட்ட பத்தே ஷோவும் கொண்டுவந்து வைத்தாள். நான் இரண்டு மெஷின்களுக்கு நடுவில் நின்றேன்.

முதல் பக்கம் முடிந்தது. மதாம் காப்பிக் கோப்பையை நோக்கிக் கை நீட்டினார். இரண்டாம் பக்கம் உடனே பேச ஆரம்பித்தது. கை அந்தரத்தில் நின்றது.

"என்னா பொண்ணே, பிளேட்டைத் திருப்பலியா?"

"வேணாம் மதாம். நானே சேத்துட்டேன்."

"ஓ," என்றார் மதாம். கை மடிக்குத் திரும்பியது.

அப்போது எனக்குப் புரியாதது இப்போது நன்றாகப் புரிகிறது. அந்த அறையில் இருந்த ஒவ்வொருவரும் ஒவ்வொரு இடைவெளியை நம்பி வந்திருந்தார்கள். அப்பா, முதல் இடைவெளியில் காரைக்கால் மழையைப் பற்றியும் இரண்டாவதில் அவர்கள் பங்குக் கோயிலைப் பற்றியும் விசாரித்து, மூன்றாவதில் மெல்லக் கல்யாணத்தைத் தொடலாம் என்று வைத்திருந்தார். அக்கா, ஓர் இடைவெளியில் எழுந்து காப்பி ஊற்றி, தன் அடக்கத்தைக் காட்டலாம் என்று வைத்திருந்தாள். அமலோர் எதையோ சொல்லலாம் என்று வைத்திருந்தார். (அவர் எப்படியும் சொல்லியிருக்கமாட்டார்.) நானா வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவி, மடித்து, வாயருகே கொண்டுபோய், மெல்லும் சத்தம் ராணிக்குக் கேட்டுவிடுமோ என்று பயந்தவர் போல அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். காப்பியின் மேல் ஆடை படர்ந்தது. ஒருவரும் இருமவில்லை. எல்லோரும் கப்பலில் ஏற்றப்பட்டு, எந்தத் துறைமுகத்திலும் நிறுத்தாமல் கொண்டுபோகப்பட்டார்கள்.

நானோ மிதந்துகொண்டிருந்தேன். இடது கையில் ஒரு கடல் முடிகிறது, வலது கையில் அதே கடல் தொடங்குகிறது. கூரையில் இரண்டு நிலாக்கள் மாறி மாறிச் சுற்றின. ராஜா போனார், பருவங்கள் போயின. கரையில் நிற்கும் ராணியின் குரல் எங்கும் அறாமல் எங்கள் மாடியிலிருந்து இறங்கி, ஈரத் தெரு வழியாக ஆற்றுக்குப் போவதாக எனக்குத் தோன்றியது. உலகத்தில் முதல்முறையாக அவள் முழு வாக்கியம் பேசுகிறாள், பேசவைத்தது நான். என் கண்கள்கூடப் பாதி மூடியிருந்தன என்று பிற்பாடு அம்மா சொன்னாள்.

ஏழாம் பக்கம் முடியும் தறுவாயில் சேதி வந்தது. கப்பல் மூழ்கியது. ராணி கதறினாள். என் வலது கை தானாக எட்டாம் பக்கத்தின் மேல் ஊசியைக் கொண்டுபோனது.

அதே நேரத்தில் மதாம் ஞானம்மா எழுந்து நின்றார். முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார். அமலோரும் எழுந்தார். காரணம் தெரியாவிட்டாலும் பெரியவர்கள் எழுந்தால் தானும் எழுகிற நானாவும் எழுந்தார். மதாம் சிலுவை போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, தெளிவான குரலில் ஆரம்பித்தார்:

"ஆண்டவரே, எம் புருஷன் ஆத்துமா இந்நேரம்..."

"ஊறுகாப் பானைக்குள்ளே விழுந்துபோச்சுதடீ!" என்றான் கோமாளி.

அப்பா சிரித்தார். உரக்க, முழு மனத்தோடு, தும்மல் மாதிரி. அதைக் கேட்டு, மூன்று வாரமாகப் பயத்தைப் பிடித்து வைத்திருந்த அக்காவுக்கு உள்ளே ஏதோ அவிழ்ந்து, அவளும் கிளுக் என்று சிரித்துவிட்டாள். நானா கையிலிருந்த வெற்றிலையைச் சட்டென்று வாயில் போட்டு, புரையேறி இரும ஆரம்பித்தார்.

பதற்றம் இல்லாதவளான நான் உடனே செயல்பட்டேன். கோமாளியை நிறுத்த வேண்டும். ஊசியைத் தூக்கினேன். தூக்கியது, ஏற்கெனவே முடிந்து வெறுமனே சுற்றிக்கொண்டிருந்த ஏழாம் பக்கத்து ஊசியை. தவறு தெரிந்ததும் அதைக் கைநழுவ விட்டேன். அது தட்டின் கடைசி வரிகளின் மேல் விழுந்து, ராணியை மறுபடி கதறவைத்தது. இப்போது இடப்பக்கம் கப்பல் மூழ்கிக்கொண்டிருந்தது, வலப்பக்கம் கோமாளி ஊறுகாய்ப் பானையில் நீந்திக்கொண்டிருந்தான். இரண்டும் ஒரே வேகத்தில், ஒரே சுருதியில், நான் பாடுபட்டுத் திருகியது போலவே, கச்சிதமாகச் சேர்ந்து ஓடின.

அம்மாதான் வந்து இரண்டு மெஷினின் மேலும் கையை வைத்து நிறுத்தினாள்.

வெளியே மரம் சொட்டிக்கொண்டிருந்தது. மதாம் கண்ணைத் திறந்து அப்பாவைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். என்னைப் பார்க்கவே இல்லை.

"அமலோர், கொடையை எடு."

"அம்மா, அவங்க வேணும்னு..."

"கொடையை எடு."

அமலோர் குடையை எடுத்தார். படியில் இறங்கும்போது திரும்பி அக்காவைப் பார்த்தார். அந்தப் பார்வையிலும் வழக்கம்போல எதுவும் தெளிவாக இல்லை.

அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நானா தன் ஆல்பத்தைத் தானே அடுக்கி எடுத்துக்கொண்டு, "நல்லாத்தான் ஒட்டினே புள்ள," என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அக்கா என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் ஆறிப்போன காப்பிக் கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே, "எல்லாம் சேந்துடுச்சா தெரேஸ்? இப்பத் திருப்தியா?" என்று கேட்டாள். கோபமே இல்லாத குரல். நான் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மறுநாள் வேலை முடிந்ததும் அமலோரின் வீட்டுக்குப் போனேன். சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறவள் போல, போகும் வழியெல்லாம் சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்தினேன். ஒன்று, அப்பாவின் சிரிப்பு ஒரு வியாதி. இரண்டு, அக்காவின் சிரிப்பு பயத்தால் வந்தது. மூன்று, குற்றம் முழுக்க என்னுடையது. தண்டனை எனக்கு மட்டும் வேண்டும். மதாம் ஞானம்மா சன்னலோரமாக உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் ஒன்று இரண்டு மூன்று எல்லாம் கலைந்து, "மதாம், அந்த எடத்துல நீங்க ஜெபம் சொல்லுவீங்கன்னு தெரியாது," என்று மட்டும் வந்தது.

"எம் மவன் சொல்லலியா?"

"இல்ல."

உள்ளேயிருந்து அமலோர், "அதப் போயி யாராச்சும் சொல்லுவாங்களாம்மா? வூட்டுக்குவூடு செய்யறதுதானேன்னு இருந்துட்டேன்," என்றார். சின்ன வயதிலிருந்தே பார்த்த வழக்கமாகையால், எல்லா வீடுகளிலும் ஏதோ ஓர் இடைவெளியில் இப்படி எழுந்து நின்று ஜெபிப்பார்கள் என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார்! (இந்த நாடகத் தட்டு வருவதற்கு முன் வேறு ஏதோ ஒரு பாட்டுத் தட்டின் இடைவெளியாம். அதற்கும் முன், மெஷினே இல்லாத காலத்தில், விளக்கு ஏற்றும் நேரமாம்.)

மதாம் ஒரு முற்றிய தண்டைத் தனியாக எடுத்துப் போட்டார்.

"இவுங்கப்பா இங்கதான் பட்டாளத்துல இருந்தாரு. உத்தியோகம் முடிஞ்சு கப்பல் ஏறுனாரு. நடுக் கடல்ல காச்சல். கப்பல் வந்துச்சு, பொட்டி வந்துச்சு, அவரு வரலே. கடல்லயே எறக்கிட்டாங்களாம்." கை வேலையை விடவில்லை. "எல்லாருக்கும் கல்லறை இருக்கு. போயி நின்னு ரெண்டு வார்த்தை சொல்லிட்டு வர்றாங்க. நான் எங்க போயி நிக்கிறது? இப்ப வரச்சொல்லோ கப்பல்ல மேல நின்னு பாத்தேன். எந்த எடம்னு எப்புடித் தெரியும்? தண்ணி எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்குது. அந்த நாடவத்துல கப்பல் முழுவுது, பிளேட்டு நிக்குது. அந்த எடத்துல நானும் நின்னுக்குவேன்."

என் மூன்று வகை மனத்தாங்கலும் அந்தக் கீரைத் தண்டோடு சேர்ந்து குப்பையில் விழுந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். முதல்முறையாக, ஓர் இடைவெளியை அடைக்காமல் விட்டேன். வெகுநேரம் இருவரும் கீரை ஆய்ந்தோம்.

பிறகு மதாம் கேட்டார்: "ஒங்கப்பாரு ஏன் அப்புடிச் சிரிச்சாரு?"

"அந்தக் கோமாளி வாயத் தொறந்தாலே சிரிப்பாரு மதாம். போன வருஷம் ஒரு அடக்கத்துக்குப் போயிட்டு வர்ற வழியில, யார் வூட்டு மாடியிலயோ அவன் பாட்டு கேட்டுது. அங்கயும் சிரிச்சாரு. அம்மா ஒரு மாசம் பேசல."

மதாமின் உதட்டோரம் ஏதோ அசைந்தது. உடனே இறுகியது. "சரி. வர்ற ஞாயித்துக்கெழமை வர்றேன். ஒரே மெஷினு. மவன்தான் பிளேட்டு வெப்பான். நீ எட்டக்க ஒக்காந்துக்க. கை ரெண்டும் எனக்குத் தெரியணும்."

அந்த ஞாயிறு, குற்றவாளிக் கூண்டில் இருப்பவள் போல, கையை மடிமேல் விரித்துவைத்துக்கொண்டு மூலை நாற்காலியில் உட்கார்ந்தேன். அம்மா அப்பாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, கோமாளி வருவதற்கு முன் கிள்ளுவதற்குத் தயாராக இருந்தாள். அமலோர் தட்டு வைத்தார். இடைவெளிகள் திரும்பி வந்தன. முதலாவதில் காப்பி குடித்தார்கள். இரண்டாவதில் நானா நிம்மதியாக வெற்றிலை போட்டார். மூன்றாவதில் அக்கா எழுந்து மதாமுக்கு இன்னொரு பத்தே ஷோ வைத்தாள். வெளியே சன்னமாக மழை பிடித்தது. தட்டு நிற்கும் ஒவ்வொரு முறையும் மழை கொஞ்சம் கிட்டே வந்து, தட்டு பேசியதும் விலகிப் போவது போலிருந்தது.

ஏழாம் பக்கம் முடிந்தது. எல்லோரும் எழுந்து நின்றோம். மதாம் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு ஜெபத்தைச் சொன்னார். இந்த முறை கடைசிவரை சொன்னார். நானாவும் கண்ணை மூடி, கைகளை ஏந்தித் தன் வழியில் ஏதோ சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டார். அறைக்குள் எங்கோ ஒரு கடல் வந்து, சற்று நின்று, திரும்பிப் போனது. யாருக்கும் உட்கார மனம் வரவில்லை.

"ம், போடு," என்றார் மதாம் கடைசியில்.

அமலோர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டைத் திருப்பி, ஊசியை மாற்றி, இறக்கினார். சாவி கொடுக்க மட்டும் மறந்துவிட்டார். மூலையிலிருந்த எனக்குத் தெரிந்தது. வாயைத் திறக்க எனக்கு அனுமதி உண்டா என்று தெரியவில்லை. விசை தளர்ந்த தட்டு மெல்ல, மெல்லச் சுற்ற, கோமாளி வந்தான். எப்படி வந்தான்! பூசையில் வயதான குருவானவர் மரித்தோருக்காகப் பாடுவது போல, அடிவயிற்றிலிருந்து, ஒவ்வொரு எழுத்தையும் இழுத்து:

"ஊ...று...காப்... பா...னைக்... குள்...ளே..."

அப்பாவின் முகம் சிவந்து ஊதியது. அம்மா கிள்ளினாள்.  "...வி...ழுந்...து..." என்று கோமாளி பாதாளத்துக்குள் இறங்கி, அப்படியே நின்றுபோனான்.

அந்த நிசப்தத்தில் முதலில் சிரித்தது மதாம் ஞானம்மா. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வழியச் சிரித்தார். அவர் சிரித்ததும் அப்பாவைப் பிடிக்க முடியவில்லை. நாற்காலியின் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "இந்தக் கோமாளிய அடக்கவே முடியாது போல," என்றார் மதாம், மூச்சு வாங்க. "அவருக்கும் இந்த மாதிரிக் கூத்துதான் புடிக்கும். பட்டாளத்துக்காரரு."

அமலோர் சாவி கொடுப்பதற்காகக் குனிந்தார். அந்த இடைவெளியில், மதாம் அப்பாவைப் பார்த்துச் சாதாரணமாக, மழையைப் பற்றிச் சொல்வது போல, "முசே, சாமியாரப் பாத்து நாள் கேட்டுருங்க," என்றார். அக்கா ஏற்கெனவே நிரம்பியிருந்த கோப்பையில் மேலும் காப்பி ஊற்றினாள். அமலோர் சாவியைத் திருகிக்கொண்டே இருந்தார், திருகிக்கொண்டே இருந்தார், விசை அறுந்து போகும்வரை. நாடகத்தின் கடைசி நாலு பக்கத்தை அன்று யாரும் கேட்கவில்லை.

கல்யாணம் நடந்தது. இப்போது அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். மதாம் ஞானம்மா காரைக்காலுக்குத் திரும்பிப் போகவில்லை. பேரப்பிள்ளைகளைச் சாக்காக வைத்துக்கொண்டு இங்கேயே இருந்துவிட்டார். என்னிடம் அவருக்கு மிகுந்த பிரியம். அதனால்தான், ஞானஸ்நானமோ விருந்தோ எது நடந்தாலும், ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களிடம் என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளி, "இவதான் எங்க வூட்டுக்காரர ஊறுகாப் பானையில தள்ளுனவ," என்று அறிமுகம் செய்துவைக்கிறார். பிறகு, விளக்கம் எதுவும் சொல்லாமல் சமையலறைக்குள் போய்விடுகிறார்.

போன ஞாயிறு, புதுச்சேரியிலிருந்து கப்பலில் புதிதாக வந்திறங்கிய ஓர் இளம் சாமியாரிடமும் அப்படியே செய்தார். சாமியார் திடுக்கிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். சுற்றிலும் ஆள் இருப்பதைக் கவனித்து, குரலைத் தாழ்த்தி, மிகவும் கனிவாகக் கேட்டார்:

"நீ பாவசங்கீர்த்தனம் செஞ்சு எவ்வளவு காலமாச்சும்மா?"